இரண்டு பேரின் பெயரில் ஒரு கடை

கடிதம் யூன் மாதம் வந்தது. செப்டெம்பர் சந்தையில் ஐந்து நாளுக்கும் உங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்று எழுதி, மேலே இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். கிறிஸ்ரியன். லவினியா. அவள் அதைக் குசினி மேசையில் வைத்துவிட்டு இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

போன வருஷச் சந்தை முடிந்த கிழமையே அடுத்த வருஷத்துக்கு இடம் கேட்டு அன்ட்ராக், விண்ணப்பப் பத்திரம், போட்டிருந்தார்கள். அதில் இருவரும் கையெழுத்து வைத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று கிழமையில் கிறிஸ்ரியன் ஒரு பையோடு வீட்டை விட்டுப் போய்விட்டான். சந்தை அலுவலகத்துக்கு அது எப்படித் தெரியும்? அவர்களுடைய கோப்பில் புருஷனும் பெண்சாதியும் இன்னும் ஒன்றாகத்தான் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் போனை எடுத்தாள். எட்டு மாதத்தில் அவனுக்கு எழுதும் முதற் செய்தி. பதினாறு வருஷம் 'இஞ்சாருங்கோ' என்று கூப்பிட்ட ஆளை இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கூப்பிடாமலே எழுதினாள்.

"சந்தைக் கடிதம் வந்திருக்கு. ரெண்டு பேரின்ரை பேரிலையும். ரெண்டு பேரும் போகாட்டி இடம் போயிடும். என்ன செய்வம்?"

அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. "வாறன்."

அந்த ஒரு சொல்லை அவள் எத்தனை தரம் எடுத்துப் பார்த்தாள் என்று கேட்டால் சொல்லமாட்டாள்.

ஜேர்மனியில், பான் நகரில் ரைன் நதிக்கு அந்தப் பக்கம் பியூலில் நடக்கிற சந்தை அது. புட்சென்ஸ் மார்க்ட் என்பார்கள். கண் நோய் தீர்க்கும் என்று நம்பி ஒரு புனிதையின் ஊற்றுக்கு வந்த யாத்திரிகர்களுக்குச் சாப்பாடு விற்கத் தொடங்கிய இடம், காலம் போகப் போக ராட்சத ராட்டினமும் பேய் வீடும் பியர் கூடாரமுமாகப் பெருத்துவிட்டது. ஊற்று இன்னும் கோயிலடியில் இருக்கிறது. ஆனால் வருகிற சனத்தில் முக்காற்பங்குக்கு மேல் சாப்பிடத்தான் வருகிறது.

லவினியாவும் கிறிஸ்ரியனும் விற்பது றைபகூக்கன். உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, வெங்காயமும் முட்டையும் உப்பும் சேர்த்து, அகன்ற தாச்சியில் எண்ணெய் விட்டு ஓரம் மொறுமொறுவென்று வரும்வரை பொரிக்கிற வட்டம். ஒரு பேப்பர் தட்டில் மூன்று, பக்கத்தில் ஒரு கரண்டி ஆப்பிள் மசியல். பழைய ஆட்கள் கறுப்பு ரொட்டியில் வைத்துச் சீனிக்கிழங்குப் பாகு தடவித் தின்பார்கள். ஒரு ஜேர்மன் கிழவியின் கடையில் எட்டு வருஷம் வெங்காயம் உரித்துப் பழகி, அவள் ஓய்வெடுத்தபோது தாச்சியும் கூரையும் கைப்பக்குவமுமாக அவளிடமிருந்தே வாங்கியது. வருஷத்தில் மிச்ச நாளெல்லாம் லவினியா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. கிறிஸ்ரியன் பார்சல் கிடங்கில். ஆனால் யாரும் என்ன தொழில் என்று கேட்டால் இருவரும் "சந்தையிலை கடை" என்றுதான் சொல்வார்கள்.

பிரிந்த கதை சின்னது. சின்னதாக இருப்பதுதான் அவளை இன்றைக்கும் குடைகிறது.

லவினியாவின் தம்பி சஞ்சயனின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். மண்டபத்தில் கைக்குழந்தை ஆள் மாறி ஆள் மாறிப் போய்க்கொண்டிருந்தது. லவினியா கையை நீட்டியபோது யாரோ ஒரு மாமி, பார்க்காததுபோலக் குழந்தையை அவளுக்கு மேலால் தூக்கி அடுத்த கதிரைக்குக் கொடுத்தாள். அதை லவினியா தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமற் போனது அதற்குப் பிறகு. குழந்தை கடைசியில் கிறிஸ்ரியனின் மடிக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் அதன் காலைப் பிடித்து ஆட்டி ஆட்டிச் சிரித்த சிரிப்பை அவள் பதினாறு வருஷத்தில் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "என்னாலை ஒரு பிள்ளையைத் தர ஏலாமல் போச்சு. நீங்கள் போங்கோ. பிள்ளையோடை சிரிக்கக்கூடிய இடமாப் பாத்துப் போங்கோ."

'விசரி' என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் போதும். அவன் பேசாமல் நின்றான். அந்தப் பேசாமை அவளுக்குச் சம்மதமாகப் பட்டது. மறுநாளும் சொன்னாள், அடுத்த நாளும் சொன்னாள், ஒவ்வொரு நாளும் இன்னும் கூராக. நாலாம் நாள் அவன் பையைத் தூக்கினான்.

"என்னைப் பாக்கிறதே உனக்கு நோவா இருக்கெண்டால் நான் நிக்கேல்லை, லவினி."

இதெல்லாம் நடக்கிறதுதான். எங்கள் ஆட்களிடையே இப்படியான நேரத்தில் ஒருவர் நடுவில் வருவார். இவன் பக்கம் ஒரு தேத்தண்ணி, அவள் பக்கம் ஒரு தேத்தண்ணி குடித்து, இரண்டு பேரையும் ஏசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். லவினியா அந்த ஆளுக்காகக் காத்திருந்தாள். சஞ்சயனைக் கேட்டால், "நான் ஏனக்கா போவான்? போனது அவர். அவற்றை ஆக்கள் வரட்டும்" என்றான். டோர்ட்முண்டில் இருக்கும் கிறிஸ்ரியனின் தமக்கை ஆதிரையோ, "போகச் சொன்னது அவள். பொம்பிளை வீட்டார் முதல் கூப்பிடட்டும்" என்றாளாம். அப்படியே மார்கழியில் நத்தார் போனது. ஈஸ்டர் போனது. மணவிலக்குக் கேட்பதற்கு இந்த நாட்டில் ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும். ஒக்டோபரில் அந்த வருஷமும் முடிகிறது.

அதனால்தான் 'வாறன்' என்ற சொல்லை அவள் அத்தனை தரம் பார்த்தாள். நடுவில் ஆள் தேவையில்லை, ஐந்து நாள் இருக்கிறது, நானே கேட்பேன் என்று முடிவெடுத்தாள். வீட்டுக்கு வாங்கோ. இரண்டே சொல், அவ்வளவுதான் அவள் கேட்க வேண்டியிருந்தது.

சந்தை திறந்த வெள்ளிக்கிழமை காலை கிறிஸ்ரியன் பக்கத்து நகரமான கேல்னிலிருந்து ட்ராம் பிடித்து வந்தான். மெலிந்திருந்தான். தலைமயிர் ஒழுங்காக வெட்டியிருந்தது. இருவரும் ஒருவருக்கொருவர் தலையாட்டினார்கள், கந்தோரில் பக்கத்து மேசைக்காரர்போல. பிறகு அவன் காஸ் குழாயைப் பூட்டினான், அவள் வெங்காயச் சாக்கைப் பிரித்தாள்.

பக்கத்துக் கடை லிசாவுடையது. நாலு தலைமுறையாகச் சந்தை சந்தையாகப் போகும் குடும்பம். செப்புச் சட்டியில் சீனி காய்ச்சிப் பாதாம் புரட்டுவாள். சந்தை திறக்கிற அன்று முதற் சட்டிப் பாதாமில் ஒரு பேப்பர்ச் சுருள் இவர்களுக்கு வரும், இவர்களின் முதல் தட்டு அங்கே போகும். அதைச் செய்யாமல் இரு கடையும் வியாபாரம் தொடங்குவதில்லை.

"வந்துவிட்டீர்களா!" என்று லிசா ஜேர்மனில் கத்தினாள். "என் புருஷனோடு நான் ஒரே கடையில் ஒரு நாள் நின்றேன். அடுத்த நாள் அவனைச் சட்டிக்குள் போட்டுச் சீனியில் புரட்டலாமா என்று யோசித்தேன். நீங்கள் எப்படித்தான் நிற்கிறீர்களோ!"

கிறிஸ்ரியன் சிரித்தான். "சட்டி சிறிசு லிசா, அதுதான் நான் தப்பினேன்."

அவன் பகிடி விட்டதை லவினியா மனத்துக்குள் குறித்துக்கொண்டாள்.

வேலை என்று வந்ததும் உடம்பு எதையும் மறக்கவில்லை. அவள் மாவை விடுவாள், அவன் திருப்புவான். மா முடியப்போகிறதென்றால் தாச்சி ஓரத்தில் தட்டகப்பையால் இரண்டு தட்டு. அவள் திரும்பிப் பாராமலே அடுத்த வாளியைத் தள்ளுவாள். அவளுடைய இடது கையில் எண்ணெய் தெறிக்கும் என்று அவன் எப்போதும் இடப்பக்கம் நிற்பான். இந்த முறையும் இடப்பக்கமே நின்றான். யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பேசினார்கள். கிழங்கில் தண்ணீர் கூட என்று ஒரு பேச்சு, ஆப்பிள் மசியல் இந்த வருஷம் புளிப்பு என்று இன்னொன்று. மத்தியானம் சனம் குறைந்தபோது, கருகின ஓரமுள்ள ஒன்றை எடுத்து அவளுடைய தட்டில் வைத்தான். அவளுக்குக் கருகின ஓரம்தான் விருப்பம்.

"இன்னும் உந்தக் கருகினதைத்தான் தின்னுறியோ?"

"வேறை ஆரும் எனக்குக் கருக்கித் தாறேல்லை" என்றாள் அவள். சொன்ன பிறகு முகம் சூடேறியது. நாற்பத்தொரு வயதில்!

அவனும் தாச்சியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அன்ரனிற்றா அக்கா வந்தாள். தமிழ்க் கோயில்காரர் எல்லாரையும் தெரிந்தவள், எல்லாருக்கும் தெரிந்தவள். கையில் ஊற்றுத் தண்ணீர்ப் போத்தல், ஈரம் காயாத கண்ணிமை. கடைக்கு முன்னால் வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாதாவே! தண்ணி கண்ணிலை பட்டு அஞ்சு நிமிசம் ஆகேல்லை, என்னத்தை எல்லாம் காட்டுது! சேந்திட்டியளோ?"

"அக்கா, கனக்கக் கதைக்காமல் ஒரு தட்டு சாப்பிடுங்கோ" என்றான் கிறிஸ்ரியன்.

"சாப்பிடுறன், சாப்பிடுறன். எடேய், எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ? நில்லுங்கோ ரெண்டு பேரும். கிட்ட நில்லுங்கோ. உதென்ன, நடுவிலை ஒரு லொறி போகுமாப் போலை!"

லவினியா ஒரு அடி கிட்டப் போனாள். அன்ரனிற்றா அக்கா படம் எடுத்தாள். 'இல்லை அக்கா, நாங்கள் இன்னும் சேரேல்லை' என்று சொல்ல லவினியாவுக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் விட்டால் அது உண்மையாகிவிடும்போல ஒரு நப்பாசை. அவன் ஏன் சொல்லவில்லை என்பதை அவள் தனக்கு வசதியாக விளங்கிக்கொண்டாள்.

அன்று பின்னேரம் அந்தப் படம் கோயில் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. 'மாதாவின் கிருபை' என்று எழுதி, கீழே கைகூப்பும் படங்கள் ஏழெட்டு. லவினியா இரவு படுக்கும்போது தலையணைக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு படுத்தாள். நாளைக்குக் கேட்பது என்று நாள் குறித்தாள்.

திங்கட்கிழமை பதினொரு மணியிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம் ஒன்று வந்து போயிருந்தது. கிறிஸ்ரியனின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனான். போகும்போது "ஓம் ஐயா" என்று சொன்னது மட்டும் கேட்டது.

திரும்பி வந்தான். தட்டகப்பையை எடுத்தான். ஆனால் திருப்பவில்லை. தாச்சியில் ஆறு வட்டமும் கறுத்துப் புகைந்தன. இருபத்தைந்து வயதுப் பொடியனாக இந்தச் சந்தையில் வேலை தொடங்கியவன், ஒரு தாச்சி முழுக்கக் கருக விட்டு அவள் பார்த்ததில்லை.

"என்ன? ஆர் அது?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாமல் ஆறையும் கருக்கிப்போட்டு நிக்கிறியளோ?"

அவன் அடுப்பைக் குறைத்தான். முன்னால் யாரும் இல்லை. ராட்டினத்துப் பாட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"நான் உனக்கு முதலே சொல்லியிருக்கவேணும், லவினி. வெள்ளிக்கிழமையே சொல்லுவம் எண்டுதான் வந்தனான். நீ அந்தப் பாதாமை வாங்கிச் சிரிச்சுக்கொண்டு நிண்டாய். வாய் வரேல்லை."

அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. இருந்தாலும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

கேல்னில் ஒரு பெண், யதுசா என்று பெயர். புருஷன் மூன்று வருஷத்துக்கு முன் நோய் வந்து இறந்துபோனான். இரண்டு சின்னப் பிள்ளைகள். அவளுடைய தகப்பன் ஜேசுரட்ணம் மன்னார் ஆள்; கிறிஸ்ரியன் வாடகைக்கு இருக்கும் அறைக்குக் கீழ்வீட்டில் அவர்கள். கலியாணத்தைக் கோயிலில் வைத்துச் செய்ய ஏலாது, மணவிலக்கு வந்த பிறகு பதிவு மட்டும் என்று பேசியிருந்தார்கள். ஈஸ்டருக்குப் பிறகு பேசினது.

"ஈஸ்டர் வரைக்கும் பாத்தனான்" என்றான். "உன்ரை வீட்டிலையிருந்து ஆரும் ஒரு சொல்லுக் கதைப்பினம் எண்டு. நத்தாருக்கு எட்டு மணித்தியாலம் போனைக் கையிலை வைச்சுக்கொண்டு இருந்தனான், லவினி. நீ வெறுத்திட்டாய் எண்டு நினைச்சன்."

நத்தாருக்கு அவளும் அப்படித்தான் இருந்தாள். அதைச் சொல்லி இனி என்ன?

"இப்ப என்னவாம் அந்த ஐயா?"

"அக்கா போட்ட படத்தைப் பாத்திட்டார். பெஞ்சாதியோடை சேந்து நிண்டு சிரிக்கிறவனை நம்பி என்ரை பிள்ளையைத் தர ஏலாது, இண்டையோடை முடிஞ்சுது எண்டிட்டார். நான் சொன்னதைக் கேக்கேல்லை. என்னட்டை விளக்கம் கேக்கேல்லையாம், உன்ரை பக்கத்திலையிருந்து ஆரும் வந்து சொல்லட்டும் எண்டு போனை வைச்சிட்டார்."

முடிந்தது என்று அந்த மனிதரே சொல்லிவிட்டார். லவினியா இனி எதுவும் செய்யத் தேவையில்லை. பேசாமல் மாவைக் கலக்கிக்கொண்டு நின்றால் போதும். செவ்வாய்க்கிழமை சந்தை முடியும், கூரையைக் கழற்றி வான் வண்டியில் ஏற்றுவார்கள், அவனுக்குப் போக வேறு இடமிருக்காது. அவள் நினைக்கவில்லை என்று நான் சொன்னால் அது பொய். நினைத்தாள். நினைத்துக்கொண்டே, மூன்று நாளாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டும் விட்டாள்.

"வீட்டுக்கு வாங்கோ. நான் கூப்பிடுறன். நடுவிலை ஆரும் இல்லை, நானே கேக்கிறன். வாங்கோவன்."

கிறிஸ்ரியன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் அழுது அவள் பார்த்தது அவனுடைய தாயின் செத்தவீட்டில் மட்டும்.

"இதை நீ மாசியிலை கேட்டிருந்தால் நடந்தே வந்திருப்பன்."

"இப்ப?"

கருகினதையெல்லாம் தாச்சியிலிருந்து வழித்துக் குப்பை வாளிக்குள் போட்டான்.

"சின்னவன் போன மாதம் காய்ச்சலாக் கிடந்தவன். முழிச்சு, பக்கத்திலை என்னைக் கண்டிட்டு, அப்பா எண்டவன். தாய் திருத்தப் போனாள். நான்தான் விடு எண்டனான். அந்த ஐயா வேண்டாமெண்டால் நான் என்ன செய்யிறது, ஒண்டும் செய்ய ஏலாது. ஆனால் நானா அவனை விட்டிட்டு வர... அவனுக்கு ஏற்கெனவே ஒருத்தர் போனது, லவினி."

இந்த மனிதனை அவள் எதற்காகக் கட்டினாளோ அதற்காகவே அவன் இப்போது அவளுக்கு இல்லாமற் போகிறான். ஒரு கெட்ட குணத்துக்காக இழந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

"எத்தினை வயது?"

"நாலு. மற்றவளுக்கு ஏழு."

"ம்."

இரண்டு ஜேர்மன் கிழவர்கள் வந்து ஆளுக்கொரு தட்டுக் கேட்டார்கள். அவள் மா விட்டாள். அவன் இடப்பக்கம் வந்து திருப்பினான். பொன்னிறமாக வந்தது. மசியலை வைத்துக் கொடுத்து, கையைக் கழுவி, ஏப்ரனைக் கழற்றினாள்.

"அந்த ஐயான்ரை நம்பரைத் தாங்கோ."

"வேண்டாம். உன்னை அதுக்குள்ளை இழுக்க நான் சொல்லேல்லை."

"நீங்கள் சொன்னதெண்டு ஆர் சொன்னது? தாங்கோ. தாச்சியைப் பாருங்கோ, இன்னும் ஆறைக் கருக்காமல்."

கடைக்குப் பின்னால் காஸ் சிலிண்டருக்கும் கிழங்குச் சாக்குகளுக்கும் நடுவே ஒரு வெறும் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்தாள். இரண்டாம் முறை மணி அடிக்க ஜேசுரட்ணம் எடுத்தார்.

"ஆர்?"

"ஐயா, நான் பானிலையிருந்து லவினியா. கிறிஸ்ரியன்ரை..." அந்த இடத்தில் போட ஒரு சொல்லை அவள் தேடினாள். கிடைக்கவில்லை. "படத்திலை அவருக்குப் பக்கத்திலை நிண்டது நான்தான்."

அந்தப் பக்கம் ஒரு கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"உம்மடை வீட்டிலை பெரியாக்கள் ஒருத்தரும் இல்லையோ? நீர் வந்து கதைக்கிறீர்?"

"இருக்கினம் ஐயா. அவையளைப் பாத்துக்கொண்டு இருந்தா ஒரு அலுவலும் நடக்காது."

அந்தப் பக்கம் ஒரு செருமல். சிரிப்போ என்னவோ.

"சொல்லும் பிள்ளை."

"நாங்கள் சேரேல்லை. இடம் ரெண்டு பேரின்ரை பேரிலையும் கிடந்தது. அதை விட்டுக் குடுக்க ஏலாமல் நான்தான் எழுதிக் கேட்டனான், மனிசன் பாவம் பாத்து வந்தது. படம் எடுத்த அக்கா பிழையா விளங்கிக்கொண்டா. நான் அந்த நேரம் சொல்லியிருக்கவேணும். சொல்லேல்லை. அது என்ரை பிழை, அவற்றை இல்லை."

"அவரிலை உமக்கு ஏதும் குறை இருக்கோ? மறைக்காமல் சொல்லும். நான் பொம்பிளைப்பிள்ளையைப் பெத்தவன்."

"இல்லை ஐயா."

"குடி? கை நீட்டுறது?"

"ஒரு நாளும் இல்லை."

"பின்னை ஏன் விட்டனீர்?"

லவினியா நிமிர்ந்து பார்த்தாள். கூரைத் துணியின் இடுக்கால் அவனுடைய முதுகு தெரிந்தது, எண்ணெய்ப் புகைக்குள்.

"நான்தான் போகச் சொன்னனான், ஐயா. அவர் சொல்லுக் கேக்கிற மனிசன்."

அவள் அவசரப்பட்டு இன்னும் சொன்னாள், நிறுத்தினால் திரும்பத் தொடங்கமாட்டாள் என்ற பயத்தில்: "வேலையாலை வந்தா ஆறின சோத்தையே திண்டிட்டுப் படுத்திடுவார், சூடாக்கிக் குடுக்கச் சொல்லி யதுசாவுக்குச் சொல்லுங்கோ. காய்ச்சல் வருத்தமெண்டால் வாய் திறந்து சொல்லார். முகத்தைப் பாத்துத்தான் பிடிக்கவேணும். பிள்ளையள் எண்டால் அவருக்கு..." அதை அவளால் முடிக்க முடியவில்லை.

"போதும் மேனை" என்றார் அவர். குரல் மாறியிருந்தது. "போதும். எனக்கு விளங்குது. அவரை ஞாயிறு பூசை முடிய எங்கடை வீட்டை வரச் சொல்லும்."

அவள் இரண்டு நிமிஷம் அந்தப் பெட்டியிலேயே இருந்தாள். பிறகு எழுந்து, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

முன்னால் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். கிறிஸ்ரியன் தனியாக மா விட்டு, தனியாகத் திருப்பி, தனியாக மசியல் வைத்துக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வேர்வை. அவளைக் கண்டதும் கை நின்றது.

"ஞாயிறு பூசை முடிய வரட்டாம்."

"லவினி..."

"முன்னுக்கு ஆக்கள் நிக்கினம். திருப்புங்கோ."

அவன் திருப்பினான். அவள் வாளியை இழுத்து மாவை விட்டாள். வட்டங்கள் எண்ணெயில் விழுந்து ஓரம் பிடித்தன. அன்றைக்குச் சனம் குறையவேயில்லை. பின்னேரம்வரை இருவரும் நின்ற இடத்திலேயே நின்று, ஒரு சொல்லும் பேசாமல், ஒரு தட்டும் பிழைக்காமல் விற்றார்கள்.

சந்தை முடிய இன்னும் ஒரு முழு நாள் இருந்தது.